பெரிய மாப்பிள்ளைக்கு ஓடாத வண்டி

மருதாசலம் தன் பழைய ஜெர்மன் காரிலிருந்து ஆறாவது பிளக்கையும் கழற்றி, வரிசை மாறிவிடக் கூடாதென்று மனைவி ருக்குமணியின் குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு ஒன்றாக நட்டுவைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பேப்பர் வாங்கிப் படிக்க வந்த பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் வரதராஜுலு திறந்த பானட்டுக்கு முன்னால் நின்று, "பழைய வண்டின்னாலும் ராசாவாட்டத்தானுங்க இருக்குது" என்று வாயால் ஒன்றைச் சொல்லி வயிற்றுக்குள் வேறொன்றை நினைத்த மாத்திரத்தில், பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கிற சாமான் ஆறும் பணியாரச் சட்டியில் கிடக்க, அவை இருந்த குழிகள் ஈ புகுந்து வரும்படி திறந்திருக்க, சாவி சட்டைப்பையில் கிடக்க, எஞ்சின் கிர்ரென்று கிளம்பி ஓட ஆரம்பித்தது. வரதராஜுலு பயந்து கேட்டுக்கு வெளியே ஓடினார், எஞ்சின் நின்றது. என்ன ஆயிற்று என்று பார்க்க அவர் திரும்பி வந்தார், எஞ்சின் மறுபடியும் ஓடியது.

எங்கள் வீதியில் அதைக் கேள்விப்பட்ட எல்லோரும் முதலில் விசாரித்தது, பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்றுதான். பெட்ரோல் முள் எப்போதும்போல இறங்குகிறது என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. மீதிப் பேர் ஒவ்வொருவராக வந்து பானட்டுக்கு முன்னால் நின்று பார்த்தார்கள், ஒவ்வொருவருக்கும் வண்டி ஓடியது, ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நின்றவரால்தான் ஓடியது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிங்காநல்லூரிலிருந்து ஒர்க்ஷாப்காரர் ஒருவர் வந்து, பிளக்குக் குழிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, "பெட்ரோலுக்கு வேண்டியது நெருப்புங்க. அது பிளக்குலருந்துதான் வரோணும்னு சட்டமில்லீங்க. பக்கத்துல ஒரு வயிறு எரிஞ்சாப் போதும்," என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போது அவருக்கும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சல் என்று தினமும் வாயில் புழங்குகிற வார்த்தைதானே, அதில் நெருப்பு இருக்கிறதென்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன, நாங்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

ஏற்றுக்கொண்டபின் அதோடு வாழப் பழக வேண்டியிருந்தது. மருதாசலத்தின் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாயில் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டு போனார்கள். புதுச் சேலை கட்டிய பெண்கள் மட்டும் வேண்டுமென்றே அந்த வாசலில் நின்று பக்கத்தில் வருகிறவளிடம் விலையைச் சொன்னார்கள், சொன்னதும் வண்டி உறுமியது, உறுமியதும் கேட்டவள், "எங்கிட்ட இதே கலர்ல ரெண்டு இருக்குதுடி" என்று சொல்ல, வண்டி இன்னும் பலமாக உறுமியது. பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையின் அண்ணி, அத்தை வகையறாக்களை, "அப்படியே ஒரு பழைய கார் பாத்துட்டு வரலாம் வாங்க" என்று கூட்டி வந்து நிறுத்திப் பார்த்தார்கள். வண்டி ரொம்ப ஓடினால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாளடைவில் காதை வைத்தே ஆளைச் சொல்லத் தெரிந்துவிட்டது எங்களுக்கு. வரதராஜுலுவுக்கு அடங்கிய சத்தம், டெய்லருக்கு இருமல், அம்மன் கோயில் குருக்களுக்கு, பாவம், மணி அடிப்பதுபோல விட்டுவிட்டு.

கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் நின்றுபோன சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மண்டபத்தின் ஓரத்தில் நிறுத்தி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, அம்மன் சேலையை ஏலத்தில் தவறவிட்ட மளிகைக் கடைக்காரரை முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவருக்கு எரிந்தது வண்டியைப் பார்த்தல்ல, சேலையை எடுத்தவரைப் பார்த்து, ஆனால் வண்டி அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை. சீரியல் லைட் முழுவதும் அவர் தயவில் எரிந்தது. முடிந்ததும் அவருக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. அந்த வண்டியில் ஏறி யாரும் எங்கும் போக முடியவில்லை. வயிறு எரிகிறவர் பானட்டுக்கு எதிரே நின்றால்தான் எஞ்சின் ஓடும், அவரைத் தாண்டி வண்டி எப்படிப் போகும். புது பிளக் ஆறும் பெட்டி பிரிக்காமல் பூஜை அலமாரியில் இருந்தன. சைக்கிள் பம்ப்பால் குழியில் தூசி ஊதி, கையாலேயே முதல் சுற்றுகளைத் திருகி, அப்புறம் பானாவில் அளவாக முறுக்கினால் ஒரு காலை நேரத்து வேலை. யாரையும் தொடவிடாமல் தானே செய்ய வேண்டுமென்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்துவைத்திருந்த மருதாசலம் அதைச் செய்யவில்லை. ருக்குமணி ஒருநாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முகத்தில் கட்டிவிட்டாள், அன்றைக்கு யார் வந்து நின்றும் வண்டி மூச்சுவிடவில்லை. மருதாசலம் அதை அறுத்துச் சாக்கடையில் வீசினார்.

"ஊருக் கண்ணெல்லாம் படுது, ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்றாள் ருக்குமணி.

"படட்டும். இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்குது," என்றார் அவர்.

அந்தக் கண் எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுச் சென்னியப்பன் அவருக்குச் சகலை, ருக்குமணியின் அக்கா சாந்தாமணியைக் கட்டியவர். வயதில் மருதாசலத்தைவிட மூன்று வருஷம் சின்னவர், ஆனால் அக்காவைக் கட்டியதால் நெகமத்தில் இருக்கிற மாமனார் வீட்டில் அவர்தான் பெரிய மாப்பிள்ளை, தலையில் பாதி நரைத்த மருதாசலம் சின்ன மாப்பிள்ளை. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு ஆவி பறக்க வாசலில் நிற்கும்போது மாமனார் உள்ளேயிருந்து, "பெரிய மாப்பிள்ளை உக்காந்துட்டாருங்ளா?" என்று கேட்பார். அந்த 'பெரிய' என்ற வார்த்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு நோன்புக்கும் மருதாசலத்தின் நெஞ்சில் மிளகாய்போல இறங்கும். சென்னியப்பனுக்கு மில் ஸ்பேர் வியாபாரம், மாடி வீடு, வருஷம் திரும்பினால் ஒரு புதுக் கார். அதற்கெல்லாம் ஈடாக, பெயரைச் சொன்னாலே ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிற ஒரு வண்டி வேண்டும், புதிதாக வாங்க இந்த ஜென்மத்தில் முடியாது, பழையதாகவாவது வாங்கி எதிர்வீட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும் என்றுதான் மருதாசலம் அதை வாங்கினார். ஊரே வந்து எரிந்துவிட்டுப் போனது அவருக்கு இனாம். கேட்டது சகலையின் ஒரே ஒரு எரிச்சல்.

அது கிடைக்கவில்லை. சென்னியப்பன் வெள்ளை வேட்டியும் பின்னால் கட்டிய கையுமாக வந்தார், பானட்டைச் சுற்றிப் பார்த்தார், "நல்ல வண்டிங்க சகலை, இந்தக் காலத்துல இப்படித் தகடு போடறதில்லீங்க," என்று மனசாரச் சொன்னார், வண்டி செத்த மாடுபோலக் கிடந்தது. மருதாசலம் அவரைத் தோல் சீட்டில் உட்கார வைத்தார், மரப் பலகையைத் தடவச் சொன்னார், கூரைக் கண்ணாடியைத் திறந்து வானத்தைக் காட்டினார், இதை முதலில் வைத்திருந்தவர் பெரிய மில் முதலாளி என்று ஒரு தடவையும் ஜமீன்தார் என்று ஒரு தடவையும் சொன்னார். சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டார். அவர் இறங்கிப் போன பிறகு மருதாசலம் பானட்டுக்கு முன்னால் தனியாக நின்று எதிர்வீட்டைப் பார்த்து எரிந்தார், எஞ்சின் அசையவில்லை. வண்டியை வைத்திருக்கிறவர் வயிற்றுக்கு அது ஓடாது என்பது அவருக்கும் ருக்குமணிக்கும் மட்டும் தெரியும். ஓடியிருந்தால் அந்த எரிச்சலை வைத்து அவர் காசிக்கே போய் வந்திருப்பார்.

கெட்டதிலும் கெட்டது, வீதி இதைக் கவனித்துவிட்டது. மொத்தச் சனத்தில் வண்டி ஓடாத ஒரே மனுஷன் சென்னியப்பன் என்று பேச்சுக் கிளம்பி, மனசுன்னா அது மனசு என்று வளர்ந்து, கடைசியில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட அவர் மடியில் உட்கார வைக்கிற அளவுக்கு வந்தது. கடைத் திறப்பு என்றால் அவர், புது வீட்டில் பால் காய்ச்ச என்றால் அவர் முதலில் படி மிதிக்க வேண்டும். மருதாசலத்தின் வண்டியால் சென்னியப்பனுக்குப் பேர். தன் கைக்காசைப் போட்டு வாங்கிய வண்டி எதிர்வீட்டுக்காரனைப் பெரிய மனுஷனாக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தாளு நல்லவனாட்டம் நடிக்கறான் ருக்கு," என்பார். "வண்டிகிட்ட நடிக்க முடியுங்களா?" என்று ருக்குமணி கேட்பாள். 

மாமனாருக்குச் சதாபிஷேகம் வந்தது. இரண்டு வீடும் மறுநாள் நெகமம் போக வேண்டும், இந்த வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று மருதாசலம் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிளக்கை மாட்டியாக வேண்டும், மாட்டிவிட்டால் அது ஊரில் இருக்கிற எல்லா வண்டியையும்போல ஒரு வண்டி, சாவிக்கு ஓடும், சகலையின் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே அன்றுதான் கடைசி நாள். காலையிலேயே பானட்டைத் தூக்கி, பிளக்குக்கு மேலே மாட்டும் காயில்களைத் துடைத்து வைத்து, குழிகளைச் சுத்தம் செய்து, முழங்கை வரைக்கும் கறுப்பாக நின்றுகொண்டு மருதாசலம் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சகலைங்க, பிளக்கு மாட்டப் போறேன். கடைசியா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

சென்னியப்பன் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மருதாசலம் பிளக்கின் பெருமையைச் சொன்னார், அதன் முனையில் இருக்கிற உலோகத்தின் பெருமையைச் சொன்னார், நாளைக்கு நெகமத்து வீதியில் இந்த வண்டி திரும்பும்போது யார் யார் எழுந்து நிற்பார்கள் என்று சொன்னார். "நின்னுதானுங்க ஆகோணும், அப்படியாப்பட்ட வண்டி," என்றார் சென்னியப்பன். வண்டி கம்மென்று இருந்தது. மருதாசலத்துக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

அப்போது ருக்குமணி டீயோடு வந்தாள். "பணியாரச் சட்டி இன்னிக்காச்சும் என்ற கைக்கு வருங்ளா, இல்ல அதையும் வண்டிலயே மாட்டீருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டினாள். அவர் கறுத்த கைகளைக் காட்டினார். "இந்தக் கைய வெச்சுட்டு எதுல புடிப்பீங்க, வாயத் தொறங்க," என்று அவளே ஊதி, அவளே வாயில் வைத்துப் புகட்டினாள். மருதாசலம் பிளக்கை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைச் சகலைக்கு விளக்கிக்கொண்டே ஒரு வாய் குடித்தார், மீசையில் நுரை ஒட்டியது, "சின்னக் கொழந்தையாட்டம்" என்று வைதுகொண்டே அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள், அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, பேசிக்கொண்டே அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

எஞ்சின் ஓடியது. வரதராஜுலுவுக்கு ஓடியதுபோல அல்ல, ஏலம் தவறிய மளிகைக் கடைக்காரருக்கு ஓடியதுபோலக்கூட அல்ல. கேட்டில் மாட்டியிருந்த பால் பை ஆடியது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, ருக்குமணி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கேட்டியா ருக்கு!" மருதாசலம் கத்தினார். "எரியுது! சகலைக்கு எரியுது! என்ற வண்டியப் பாத்து…"

அவர் திரும்பி அந்தப் பார்வையை ஆசைதீர அனுபவிக்கப் போனார். சென்னியப்பன் வண்டியைப் பார்க்கவில்லை. ருக்குமணியின் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தார், மீசை துடைத்து ஈரமான முந்தானை நுனியைப் பார்த்தார், மறுபடியும் டம்ளரைப் பார்த்தார், கண்ணை எடுக்க முயற்சி செய்வது தெரிந்தது, முடியவில்லை.

அக்கா வீட்டில் டீ எப்படி என்று ருக்குமணிக்குத் தெரியும். பிளாஸ்கில் இருக்கும். மச்சான் தானே ஊற்றிக் குடித்து, தானே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கும், "எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லு" என்று சாந்தாமணி வேலைக்காரியிடம் சொல்லுவாள், பக்கத்து அறையில் இருக்கிறவருக்கு அது நேரடியாகவே கேட்கும். அந்த வீட்டில் சண்டைகூடக் கிடையாது. யாரும் யாரையும் வைததில்லை, எத்தனையோ வருஷமாக யாரும் யாருக்கும் எதையும் ஊதிக் கொடுத்ததில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சகலை," என்றார் சென்னியப்பன், எஞ்சின் சத்தத்துக்கு அடியில். "டீயத்தான் பாத்தேன்."

மருதாசலத்துக்கு இத்தனை நாள் வேண்டியது கையில் வந்து விழுந்தது, அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் நாங்கள் வந்துவிட்டோம். அப்படியொரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லையே, இடுப்பில் குழந்தையோடும் கையில் கரண்டியோடும் வீதி முழுக்க அந்த வாசலில் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாந்தாமணி உள்ளே வந்தாள். பானட்டுக்கு முன்னால் நிற்பது தன் புருஷன், மருதாசலம், டீ டம்ளரோடு தன் தங்கை. மூன்று பேரையும் அவள் ஒரு தடவை பார்த்தாள்.

"யாருக்கு ஓடுது?" என்றாள்.

 சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாள் முன்னால் அவர் மடியில் உட்காரவைத்து முதல் சோறு ஊட்டிய குழந்தையின் அம்மா முன்வரிசையில் நின்றாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் வீதிக்குப் புரிந்துவிடும், புரிந்தால் டீ என்றா சொல்லும், மச்சினிச்சியைப் பார்த்து எரிந்தான் என்றுதான் சொல்லும், அதைச் சாந்தாமணியின் காதுபடச் சொல்லும், ருக்குமணியின் முதுகுக்குப் பின்னால் சொல்லும், நெகமத்துப் பந்தியில் சொல்லும். மருதாசலத்துக்கு வாழ்நாளில் இப்படியொரு சந்தர்ப்பம் இனி வராது. பெரிய மாப்பிள்ளை ஒரே சொல்லில் இல்லாமல் போய்விடுவார்.

"எனக்குத்தானுங்க நங்கையா," என்றார் மருதாசலம். மனைவியின் அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்குத்தான் ஓடுது."

"உங்களுக்கா? உங்க வண்டிதானுங்க?"

"வண்டி என்றதுதான். வயிறும் என்றதுதான்." கறுத்த கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, வீதி முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார். "சகலையப் பாத்தா எனக்கு எரியும். கல்யாணத்தன்னிக்கு எரிஞ்சது, இன்னிக்கும் எரியுது. என்னையவிட வயசுல எளையவரு, அவரப் பெரிய மாப்பிள்ளைன்னு கூப்புடும்போதெல்லாம் எனக்கு எலைல வெச்ச சோறு எறங்காது. அவரு எரியோணும்னுதான் இந்த வண்டியே வாங்குனேன். அவருக்கு எரியல, எனக்குத்தான் எரியுது. போதுங்ளா?"

அவர் பேசும்போதே சென்னியப்பன் மெதுவாகத் திரும்பி, காம்பவுண்டுச் சுவருக்கு முகம் கொடுத்து நின்றுகொண்டார். எஞ்சின் விக்கி, இருமி, நின்றது. மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டதால் நெருப்பு அணைந்துவிட்டது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அன்றிலிருந்து எங்கள் வீதியில் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் வைத்தியம் என்று பேசிக்கொண்டோம். "அதான பாத்தேன்," என்றார் வரதராஜுலு, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். பையன்கள் விசிலடித்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியால் வாயை மூடிக்கொண்டாள். மருதாசலத்துக்குக் காது மடலெல்லாம் சுட்டது, நின்று வாங்கிக்கொண்டார். சாந்தாமணி புருஷனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இத்தனை சத்தம்," என்று திரும்பிப் போனாள்.

கூட்டம் கலைந்தது. மருதாசலம் பூஜை அலமாரியிலிருந்து ருக்குமணி எடுத்து வந்த பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பிளக்காகக் குழியில் இறக்கி, விரலாலேயே திருகி, பானாவைப் போட்டு அளவாக முறுக்கினார். கை வழுக்கும்போதெல்லாம் ருக்குமணி மண்ணெண்ணெய்த் துணியால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, சென்னியப்பனும் போகவில்லை. சுவரைப் பார்த்தபடி, கையைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"முடிஞ்சுதுங்களா சகலை?" என்று சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டார். தோள் இரண்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தன.

ஆறு பிளக்கும் ஏறிவிட்டன. ஆறு காயிலும் மாட்டியாகிவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க சகலை," என்றார் மருதாசலம், வெறும் பானாவை எஞ்சின் மேல் டக் டக்கென்று தட்டிக்கொண்டே. "நீங்க மெதுவாத் திரும்புங்க."